உப்புச் சப்பில்லாத கடல்

பதிவேட்டில் அதற்குப் பெயரில்லை,
எண் மட்டும்: நாற்பத்தொன்று.
பெயர் செதுக்கிய பின்பலகை
எந்த வருடம் எந்த இழுவலையில் மாட்டியதோ,
எந்த மீனவன் வீட்டு அடுப்பில் எரிந்ததோ.

ஹியூமா தீவுக்கு வடக்கே, செப்டம்பர்.
ஹெல்வே படகை நிறுத்திவிட்டு
புகையிட்ட மீனை ரொட்டியில் வைத்துக் கடித்தபடி சொல்கிறாள்:
"ஐந்து நிமிடம் பிந்தினால் உன் பங்கும் எனக்கு."
நான் முதுகுப்பக்கமாக விழுகிறேன்.

முதலில் பச்சை. பிறகு பழுப்பு, கொதித்துக் கெட்டியான தேநீர்.
பிறகு என் விளக்கு விழும் இடத்தில் மட்டும் நிறம்.
கீழே தாவோவின் விளக்கு
சட்டைப் பொத்தான் அளவில் அசைகிறது.

அப்புறம், முன்னறிவிப்பே இல்லாமல், பாய்மரம்.
நிற்கிறது.
இருநூற்று நாற்பது வருடமாக
உட்காரச் சொல்ல ஆளில்லாத விருந்தாளியாக
நின்றுகொண்டே இருக்கிறது.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள்.
இந்தக் கடலுக்கு உப்புமில்லை சப்புமில்லை.
மரம் தின்னும் புழு இங்கே பிழைப்பதில்லை,
அதனால்தான் எதுவுமே குப்பைக்குப் போகவில்லை.
சமையல் மூலையில் செங்கல் அடுப்பு.
அதை ஒட்டி ஒரு மரக்கரண்டி,
விளிம்பு ஒரு பக்கமாகத் தேய்ந்து.
கிளறியவன் இடதுகைக்காரன்.
இதை நான் பலகையில் குறிக்கவில்லை.
குறிக்க வேண்டியது நீளம், அகலம், திசை.

நாடாவின் ஒரு முனை தாவோவிடம், மறுமுனை என்னிடம்.
படகில் வரும்போது நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
அவன் தாலினுக்கு வேலை மாற்றிக்கொண்டது
ஹெல்வே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.
இப்போது எங்களுக்கு நடுவே
பதினேழு மீட்டர் எழுபது,
விறைப்பாக, மஞ்சளாக.
அவன் ஒருமுறை இழுக்கிறான்: சரியா?
நான் ஒருமுறை: சரி.

கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே.
வைக்கவும் முடியாது இங்கே.
முகமூடி, மூன்று விரல் கையுறை.
நான்கு டிகிரி குளிரில்
கன்னம் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

உள்ளே போகக் கூடாது என்பது விதி.
தலையை மட்டும் நுழைத்தேன்.
சரக்கறையில் சாக்குகள் கரைந்துவிட்டன,
ரை தானியம் மட்டும் சாக்கின் வடிவத்திலேயே
ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருந்தது.
ஆச்சரியத்தில் மூச்சை விட்டுவிட்டேன்.

குமிழிகள் ஏறி, தளத்தின் அடிப்பலகையில் முட்டி,
போக வழியின்றிப் பரவி,
தலைகீழான குட்டையாக நின்றன, பாதரசமாக.
மூழ்கிய இரவுக்குப் பின்
அந்த அறைக்கு வந்த முதல் காற்று.
ஒரு நொடி, அழகுதான்.
பிறகு பலகை இடுக்கிலிருந்து மரத்தூள்
மாவு சலிப்பதுபோல்
மெல்ல உதிரத் தொடங்கியது.

பயந்து மூச்சை அடக்கினேன். அது அதைவிடத் தப்பு:
ஒருபோதும் அடக்காதே என்பதுதான்
முதல் நாள் முதல் பாடம்.
கடன் கொடுத்தவன் வாசலைக் கடப்பதுபோல்
கால்துடுப்பை அசைக்காமல் பின்வாங்கினேன்.

அவர்கள் இறங்க எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்?
நான் ஏற முப்பத்தொன்று.
ஆறு மீட்டரில் கயிற்றைப் பற்றித் தொங்குகிறோம்,
உடம்புக்குள் புகுந்த காற்று
நிதானமாக வெளியேறட்டும் என்று.
தாவோ என் பலகையை வாங்கி எழுதுகிறான்.
வேலையைப் பற்றித்தான், என்று நினைத்தேன்.
"கரண்டியைப் பார்த்தாயா? இடதுகை."
பதில் எழுத இடம் தேடினேன்.
எங்கும் அளவுகள். ஓரத்தில், சரிவாக:
பார்த்தேன்.

"தங்கமா?" என்றாள் ஹெல்வே.
"தானியம்."
"ரொட்டி தீர்ந்துவிட்டது."

இரவு, படிவத்தில்,
சேதத்தின் காரணம் என்ற கட்டம்.
புயல், நங்கூரம், வலை எல்லாம் அச்சிலேயே இருந்தன.
எதிலும் குறியிடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு
'மற்றவை'க்கு எதிரே எழுதினேன்:
மூச்சு. என்னுடையது.